யாருடைய கை என்று கேட்ட மகளுக்கு

பிள்ளை,

போன சனிக்கிழமை நீ அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுதான் பதில். நீ கேட்டது ஒரே ஒரு வரி. “அப்பா, பியர் லேபிளை ஒருக்காப் பாத்து, பிரிண்டுக்குப் போகலாமோ எண்டு சொல்லுங்கோ.” போகலாம் என்றோ வேண்டாம் என்றோ நானும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். மூன்று நாளாக எழுதவில்லை. நீயும் மூன்று நாளாகக் கேட்கவில்லை. வேறு எந்த விஷயத்துக்கும் ஒரு மணித்தியாலம் பொறுக்காத பிள்ளை மூன்று நாள் பொறுத்திருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வராதா? வந்தது. அதனால்தான் இந்தப் பதிலை உன் கணினிக்கு அனுப்பாமல், ஸ்காபரோவில் பிளாசா பிளாசாவாக வாசலில் அடுக்கி வைக்கிற இந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஊர் பார்க்க ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போக விளங்கும். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை, பயப்படாதே. தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரியும்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று உன் அம்மா சொல்வாள். இல்லை, தொழில் தந்த குணம். இந்தக் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அச்சகத்தில்தான் வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், பெரியபிள்ளையான பெண்களுக்குச் சாமத்திய வீட்டு அட்டை, எல்லாவற்றையும்விட அதிகமாகக் கல்வெட்டு. உன் வயதுப் பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள் வீட்டார் எல்லோருக்கும் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். முன்பக்கத்தில் அவருடைய படம், உள்ளே தேவாரமும் வாழ்க்கை வரலாறும், கடைசிப் பக்கத்தில் நன்றி. வீட்டார் கொண்டுவருகிற படத்தில் அவர் சாரத்தோடு நிற்பார், அல்லது பேரப்பிள்ளையின் பலூனைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பது என் வேலை. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கோட் போடாத எத்தனையோ பேருக்கு நான் கோட் போட்டு அனுப்பியிருக்கிறேன். இப்படி வேலை செய்கிறவனிடம் எந்தப் படத்தை நீட்டினாலும் முகம் கண்ணில் படாது. காதோரத்தில் வெட்டுத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பான். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன். அதை நீ வளர்ந்த வீட்டில் நீயும் அம்மாவும் அனுபவித்திருக்கிறீர்கள்.

இந்தப் பியர் கதை எனக்குத் தை மாதத்தில் தொடங்கியது. உன் காருக்குக் கண்ணாடி கழுவுகிற தண்ணீர் விடப் போனவன், பின்பெட்டியையும் திறந்து பார்த்தேன். ஏன் திறந்தாய் என்று கேட்காதே, திறந்தேன். அங்கே ஒரு பெட்டி நிறைய வெறும் பியர்ப் போத்தல்கள். எல்லாம் கழுவித் துடைத்து, ஒட்டியிருந்த கடதாசியையும் ஊறவைத்து உரித்திருந்தார்கள். குடித்துவிட்டு எறிந்த போத்தலென்றால் ஒரு மாதிரி. குடித்த அடையாளமே தெரியாமல் கழுவி வைத்த போத்தலென்றால் அது வேறு மாதிரி. நீ குடிப்பாய் என்று நான் நினைக்கவில்லை. என் சந்தேகம் நேராகப் போய் நின்ற இடம், நீ கட்டப் போகிற பையன். அவன் வீடு வடக்கே ஸ்ரௌவ்விலில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் “கலியாண அலுவலா அங்க போறன்” என்று நீ வெளிக்கிடுவாய். பின்னேரம் திரும்பி வரும்போது உன் ஜாக்கெட்டில் கஞ்சி காய்ச்சிய மாதிரி ஒரு மணம். இந்தப் பையன் வீட்டில் வைத்துக் குடிக்கிறான், என் பிள்ளை போத்தல் கழுவிக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுதும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் நீ போவதற்கு முன்னும் வந்த பின்னும் உன் காரின் கிலோமீற்றரைப் பார்த்துக் குசினிக் கலண்டரில் பென்சிலால் எழுதினேன். நீ கண்டுபிடித்துச் சத்தம் போட்டாய். “அப்பா, எனக்கு இருபத்தெட்டு வயசு. என்ர காரின்ர கிலோமீற்றரை ஏன் கலண்டரில எழுதுறீங்கள்?” ஒயில் மாற்றுகிற கணக்குக்கு என்று சொன்னேன். அது பொய். ஸ்ரௌவ்வில் போய் வருகிற தூரம் எனக்குப் பாடம். நீ ஓடிய தூரம் அது இல்லை. வடக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போய் வருகிறாள் என்று தெரிந்ததும், உன்னிடம் கேட்கத் தைரியம் வராமல், அந்தப் பையனைப் பிளாசாவில் உள்ள கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டேன்.

பாவம், அவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்து வாரி வந்திருந்தான். கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான். நான் உட்கார்ந்ததும் கேட்டேன். “தம்பி, ஒளிக்காமல் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தினை போத்தல்?” அவன் முழித்தான். “அங்கிள், என்ன போத்தல்?” “பியர்.” “அங்கிள், நான் குடிக்கிறேல்ல. எனக்கு அந்த ஸ்மெல்லே ஒத்துவராது.” இவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது? அவன் கை கழுவப் போனபோது அவனுடைய கோப்பிக் கோப்பையை எடுத்து மணந்து பார்த்தேன். கோப்பிதான். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவன் உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லாமல் விட்டானென்றால் நல்ல பிள்ளை. சொல்லியும் நீ என்னிடம் காட்டிக்கொள்ளவில்லையென்றால் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

அந்தக் கிழமையே சாப்பாட்டு மேசையில் நான் போத்தல் பேச்சை எடுத்தேன், நீ புட்டைப் பிசைந்தபடி சொன்னாய். “நான்தான் காய்ச்சிறன் அப்பா.” எங்கள் ஆட்களிடம் காய்ச்சுவது என்றால் கள்ளச் சாராயம், கசிப்புத்தான், பிறகு பொலிசுதான். எனக்குப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டினாள், தட்டிக்கொண்டே சிரித்தாள். நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். வீட்டுத் தேவைக்குப் பியர் செய்வது இங்கே குற்றமில்லை, விற்கத்தான் கூடாது. கலியாணத்துக்கு வருகிற உங்கள் சிநேகிதர்களுக்கும் அலுவலகத்து ஆட்களுக்கும் ஆளுக்கொரு போத்தல் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள். வாற்கோதுமையைக் கொதிக்கவைக்கும்போது கஞ்சி மணம்தான் வரும். “லேபிளும் நானே செய்யிறன். கொம்பியூட்டர்ல படம் திருத்தப் பழகிட்டன். முடிஞ்ச உடன உங்களுக்கு அனுப்புறன், நீங்கள்தான் செக் பண்ணித் தரவேணும்” என்றாய். எனக்குச் சந்தோசம் பொங்கியது. இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி நீ என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. செத்த ஆட்களுக்குக் கோட் போடுகிற வேலை என்று சின்ன வயதில் நீ வெட்கப்பட்டது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி முடிப்பதற்குள் அந்தச் சந்தோசத்துக்குள்ளும் புழு புகுந்துவிட்டது. எங்கே வைத்துக் காய்ச்சுகிறாய் என்று நான் கேட்டதற்கு, “ஒரு கராஜில” என்று மட்டும் சொன்னாயே, யாருடைய கராஜ்?

ஞாயிறு காலை, நீ வெளிக்கிட்டுப் போன பிறகு, உன் லேபிளைத் திறந்தேன். நன்றாகத்தான் செய்திருந்தாய். பழைய தேயிலைப் பெட்டி நிறத்தில் பின்னணி, ஓரத்தில் வாற்கோதுமைக் கதிர், மேலே பெரிய எழுத்தில் பியரின் பெயர். “ஆரின்ர கை?”  அதற்குக் கீழே நம் வீட்டு ஹோலில் தொங்குகிற என் படம். கடைசியில் பொடி எழுத்தில்: வீட்டில் காய்ச்சியது, விற்பனைக்கு அல்ல, காய்ச்சியவர்கள் இருவர்.

இருவர்! அந்தப் பையனுக்கு மணமே ஒத்துவராது. அப்படியென்றால் மற்றது யார்?

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாங்கள் முதலில் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கார்த் தரிப்பிடம், முதல் பனி, முதல் கார். புது ஜாக்கெட்டோடு நான் காரில் சாய்ந்து நிற்கிறேன். என் இடது தோளில் நாலு விரல் தெரியும். அந்த விரல்களுக்கு ஆள் இல்லை. பக்கத்தில் வெறும் பனிதான். உனக்கு ஏழு வயதிருக்கும், கதிரையில் ஏறி நின்று அந்த விரலைத் தொட்டுக் காட்டிக் கேட்டாய். “அப்பா, இது ஆரின்ர கை?” “கை இல்ல பிள்ளை, ஜாக்கெட்டின்ர மடிப்பு” என்றேன். நீ படத்தைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய், இறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. இருபத்தொரு வருடம் கழித்துப் போத்தலில் ஒட்டிக் கேட்கிறாய்.

படம் திருத்தும் மென்பொருளில் ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை, கண்ணாடித் தாளை அடுக்குவதுபோல அடுக்கலாம். லேயர் என்போம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் போட்டிருக்கும். கண்ணை மூடினால் அந்த லேயர் மறைந்துவிடும், ஆனால் உள்ளேதான் இருக்கும். அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் எல்லா லேயரையும் ஒன்றாக்கித்தான் கொடுப்பார்கள். நீ ஒன்றாக்கவில்லை. தெரியாமல் விட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் என் படத்துக்கு மேலே இன்னொரு லேயர், கண் மூடியபடி. அதற்கு நீ வைத்திருந்த பெயர் “அப்பா பார்க்க”. மௌசைப் பிடித்த கையை எடுத்துவிட்டேன். எழுந்துபோய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து கண்ணைத் திறந்தேன்.

உன் சித்தப்பா வந்து நின்றான். என் பக்கத்தில், தலையில் கம்பளித் தொப்பி, ஒரு கை என் தோளில், மற்றக் கை காற்சட்டைப் பைக்குள். என்னைவிட மூன்று வயது இளையவன், கிழக்கே பிக்கரிங்கில் இருக்கிறான், அப்பாவோடு கதையில்லை என்று மட்டும் நீ கேள்விப்பட்டு வளர்ந்த சித்தப்பா.

எனக்கு அப்போது வந்தது பாசமில்லை, கோபமுமில்லை, தொழில் புத்தி. இவள் இதை எங்கேயோ ஒரு முகத்தை எடுத்து ஒட்டிச் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். படத்தைப் பெருப்பித்தேன். காதோரம் பார்த்தேன், தொப்பியின் மயிரைப் பார்த்தேன், பனியில் விழுந்த நிழல் இரண்டும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்தேன். விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து சட்டைக் கை, சட்டைக் கையிலிருந்து தோள் என்று ஒவ்வொரு புள்ளியாகப் போனேன். மத்தியானம் வரை தேடியும் ஒரு வெட்டுக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதில் வெட்டே இல்லை, பிள்ளை. அந்தப் படம் எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே முழுதாக இருந்தது. வெட்டு இருந்தது கீழே கிடந்த என் படத்தில்.

அந்தப் படம் இரண்டு பிரதிதான் போட்டது. என்னுடையதை நான் கிழித்தேன். மற்றது அவனிடம். அப்படியென்றால் நீ போய் வந்த தூரம் பிக்கரிங், அந்தக் கராஜ் அவனுடையது, இருவரில் மற்றவன் அவன். எல்லாம் ஒரு நிமிடத்தில் கூடி வந்தது. குசினிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். “உமக்குத் தெரியுமோ?” அம்மா கறியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “மூண்டு மாசமாத் தெரியும். ரெயினில அவரே பிள்ளையை அடையாளம் கண்டு, நீ அண்ணையின்ர மகள்தானே எண்டு கேட்டவராம். உங்களுக்குச் சொன்னா நீங்கள் விசயத்தை விட்டிட்டு ஆளை ஆராய்வியள் எண்டுதான் சொல்லேல்ல.” “என்னைப் பற்றி என்ன சொன்னவனாம்?” அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “ஒண்டும் சொல்லேல்ல. பிள்ளை எவ்வளவு கேட்டும், உன்ர அப்பாவைக் கேள் எண்டிட்டாராம். கலியாணத்துக்கு வாங்கோ எண்டு கேட்டதுக்கு, அண்ணை கூப்பிட்டா வாறன் எண்டவராம். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கு. இப்பவாவது என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.” அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. அவளுக்கும் உனக்கும் ஊருக்கும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

உனக்கு ஆறு வயது. நானும் சித்தப்பாவும் ஒரே அச்சகத்தில் வேலை. வீட்டாரோடு கதைத்து வேலை எடுப்பது அவன், படம் செய்வது நான். ஒரு பெரியவருடைய கல்வெட்டு வந்தது. தனிப்படம் இல்லையென்று ஒரு கலியாண வீட்டுப் படத்தைக் கொடுத்திருந்தார்கள். ஐந்து ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். காலமானவர் எவர் என்று சித்தப்பா படத்தின் பின்னால் எழுதி வைத்தான்: இடமிருந்து இரண்டாவது. அதே வரிசையில் வலமிருந்து இரண்டாவதாக அவருடைய சொந்தத் தம்பியும் நின்றார். ஒரே மீசை, ஒரே வழுக்கை, ஒரே திருநீறு. வேலை அவசரம். எழுத்துகளை வீட்டார் பார்த்துச் சரி சொல்லிவிட்டார்கள், படம் மட்டும் கடைசியாகப் போனது. அடுத்த நாள் மண்டபத்தில் முந்நூறு கல்வெட்டுக் கொடுபட்டது. வாசலில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த தம்பியார் ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தால், தன்னுடைய முகம், கோட்டும் டையும், கீழே தோற்றம், மறைவு.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தாராம். அவருடைய மனைவி வைத்த கூக்குரலில்தான் மண்டபம் அறிந்தது. நானும் சித்தப்பாவும் ஓடிப்போய், சோறு போட்டுக்கொண்டிருந்த மேசைகளுக்கு நடுவே, ஒவ்வொருவர் கையிலிருந்தும் புத்தகத்தைத் திரும்ப வாங்கினோம். அந்த அவமானம் இன்னும் என் முதுகில் இருக்கிறது. தம்பியார் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நல்லாய் இருந்தார் என்பது மட்டும்தான் ஆறுதல்.

முதலாளி கேட்டார், யார் விட்ட பிழை என்று. நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “உவன் பின்னால பிழையா எழுதிப் போட்டான்” என்றேன். படத்தை வீட்டார் கொண்டுபோய்விட்டார்கள், எழுதினதைக் காட்ட வழியில்லை. “அண்ணை, நான் சரியாத்தான் எழுதினனான்” என்றான் சித்தப்பா. மூன்று தரம் சொன்னான். மூன்றாம் தரம் முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். நான் நம்பவில்லை. அவன் அந்த நாட்களில் வேலை நேரத்தில் போனில் கதைப்பான், கவனமில்லாதவன் என்று எனக்கு முன்னமே ஒரு எண்ணம் இருந்தது. முதலாளி அவனை அன்றே வேலையால் நிற்பாட்டினார். அவன் இனி என் வாசல் மிதிக்கவேண்டாம் என்று நானும் சொன்னேன். அந்தக் கிழமையே காரில் சாய்ந்த படத்தைக் கணினியில் ஏற்றி, அவனை அழித்து, அந்த இடத்துக்குப் பனியை நிரப்பி அடித்து மாட்டினேன், முழுப்படத்தைக் கிழித்தேன். விரல்களை மட்டும் விட்டேன். அதையும் எடுத்தால் ஜாக்கெட்டின் தோள் கெட்டுவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செத்த ஆட்களின் தோளிலிருந்து எத்தனை கையை எடுத்தவன் நான்! எடுக்கத் தெரியாமல் விடவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் பிழை அரைவாசிதான். நீ பல்கலைக்கழகம் போன வருடம் அச்சகம் இடம் மாறியது. பழைய சீடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டாததை எறிந்துகொண்டிருந்தேன். அதில் அந்தக் கல்வெட்டு வந்தது. லேயர்களும் அப்படியே இருந்தன. ஐந்து பேரும் நிற்கிற படத்தைத் திறந்தேன். அவர்களுக்குப் பின்னால் கலியாண வீட்டு அலங்காரத்தில் நல்வரவு என்று எழுதியிருந்தது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி நின்றன.  என்னிடம் இருந்த கோட் படத்துக்கு வலது பக்கம் திரும்பிய முகம்தான் பொருந்தும். அதனால் படத்தை முதலில் இடவலம் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் இடமிருந்து எண்ணியிருக்கிறேன். அவன் எழுதியது சரி. நான் எண்ணியது பிழை.

அந்தச் சீடியை எடுத்துக்கொண்டு அன்றே பிக்கரிங் போயிருக்கவேண்டும். நான் அதை இரண்டாக வளைத்து உடைத்துக் குப்பையில் போட்டேன். யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடமும் நான் சந்தேகப்பட்டது மற்றவர்களை என்று நீங்கள் நினைத்தீர்கள். எல்லோரும் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் அது. பொதுவிடங்களில் சித்தப்பாவின் பேச்சு எடுபட்டால், இவனுக்குத் தெரியுமோ என்று எடுத்தவன் முகத்தைப் பார்ப்பேன். சித்தப்பா வாய் திறக்காமல் இருப்பதையும் திமிர் என்றுதான் நினைத்தேன். தான் சரியாக எழுதியது முதல் நாளே தெரிந்தவன் அவன். ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். ரெயினில் கண்ட என் பிள்ளைக்குக்கூட, கராஜுக்குள் வைத்துப் பியர் காய்ச்சப் பழக்கிக்கொண்டே, என்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. இப்போதும் வருகிறது.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தை இடவலம் மாற்றுவதற்கு முன் அதில் எழுத்து இருக்கிறதா என்று பார். அந்தப் பையன்மேல் உனக்கு எப்போதாவது சந்தேகம் வரும், வராமல் இருக்க நீ என் மகளாக இருக்கக்கூடாது. வந்தால் அவனுடைய கோப்பையை மணக்காதே, அவனையே கேள். கேட்ட பிறகு அவன் மூன்று தரம் சொன்னால், மூன்றாம் தரம் அவன் யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று கவனி. பிழை உன்னுடையது என்று தெரிந்தால் அந்தக் கிழமைக்குள் சொல்லிவிடு. ஒரு கிழமை கடந்தால் பத்து வருடம் கடப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நான் கடந்து பார்த்தவன்.

ஏன் பத்திரிகையில் என்றால், பிழை முந்நூறு பேர் கையில் கொடுபட்டது. அன்று என் வாயால் கெட்ட பெயர் வாங்கியவனுக்குத் திருத்தமும் ஊர் கையில்தான் கொடுபடவேண்டும். அந்த முதலாளி இப்போது இல்லை; அவருடைய கல்வெட்டையும் நான்தான் செய்தேன். அவருடைய மகனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் வீட்டாரிடமும் இதன் மூலமே மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உன் லேபிள். பெயர் ஓரத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது, வெட்டுகிற இயந்திரம் கேள்விக்குறியைக் கொண்டுபோய்விடும். மூன்று மில்லிமீற்றர் உள்ளே தள்ளியிருக்கிறேன். கறுப்பு எழுத்தை நாலு நிற மையையும் கலந்து போட்டிருந்தாய், தனிக் கறுப்பாக்கினேன். போத்தல் ஐஸுக்குள் கிடக்கும், சாதாரணக் கடதாசி ஊறிப்போகும், நனையாத தாளில் நானே அடித்துத் தருகிறேன். பெயரை மாற்றவில்லை. மூடியிருந்த கண்ணைத் திறந்துவிட்டு, கீழே இருந்த என் படத்தை அழித்துவிட்டேன். மிச்சத்தை ஒன்றாக்கிச் சேமித்தேன், இனி யாரும் பிரிக்க முடியாது. ஹோலில் தொங்கிய படத்தையும் கழற்றிவிட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. முழுப்படத்தைப் பெரிதாக அடித்து மாட்டும்வரை அது அப்படியே கிடக்கட்டும்.

இன்று செவ்வாய். பத்திரிகை வெள்ளிக்கிழமைதான் வரும். அவன் இதைப் பத்திரிகையில் வாசித்து அறியக்கூடாது. நாளை வேலை முடிந்ததும் நான் பிக்கரிங் போகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் முகம் தெரியாது, அவன் நம்பினானா இல்லையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும். அவன் கதவு திறந்தால் உள்ளே போய்ச் சொல்வேன். திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். நீ எழுதினது சரி, பிழை விட்டது நான், பிள்ளையின் கலியாணத்துக்கு வா. இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

நீ இதை வாசிக்கும்போது நான் போய் வந்திருப்பேன். அல்லது பயந்து பாதி வழியில் திரும்பியிருப்பேன். என்னை நானே நம்புவதற்கில்லை. அதனால் இன்று காலை என் காரின் கிலோமீற்றரைப் பார்த்து, குசினிக் கலண்டரில் உன் எண்களுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். வேலைக்கு நான் ஓடுகிற தூரம் அம்மாவுக்குத் தெரியும், அதைக் கழித்துவிடு. வெள்ளிக்கிழமை வந்ததும் போய்ப் பார், பிள்ளை. பிக்கரிங் போய் வர எவ்வளவு என்று உனக்குத் தெரியும்.

உன் அப்பா